உள்ளே பாத்தியா?

முக்காலியோடு மூன்று நிபந்தனைகளும் கொடுத்தார்கள். எதையும் தொடக் கூடாது. ஹூட்டுக்கு முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது, காற்றோட்டம் கலையும். பேசக் கூடாது, எச்சில் தெறித்தால் செல்லில் பூஞ்சை பிடிக்கும். முகக்கவசம் மாட்டிய பிறகும் மூன்றாவது நிபந்தனை தளரவில்லை. சுவரோரம் போய் உட்கார்ந்தேன். காலை ஒன்பதே கால்.

ஆராய்ச்சி மாணவி கையுறை மேலேயே ஸ்பிரிட்டைப் பீய்ச்சித் தேய்த்துக்கொண்டாள். இன்குபேட்டரைத் திறந்ததும் வெதுவெதுப்பான ஈரக்காற்று என் பக்கம்வரை வந்தது. உள்ளிருந்து மூன்று பிளாஸ்டிக் குடுவைகளை எடுத்தாள். உள்ளங்கையில் அடங்கும் அளவு. நிமிர்த்தி வைப்பதில்லை, படுத்த வாக்கில்தான். மூன்று நாளைக்கு முன் ஊற்றியபோது சிவப்பாக இருந்த மீடியா இப்போது ஆரஞ்சுக்கு இறங்கியிருந்தது. செல்கள் தின்று, அமிலம் கழித்து, நிறத்தைக் கெடுத்து வைத்திருக்கின்றன. குடுவைகளின் தோளில் மார்க்கரில் 'வெறும்', '10', '50' என்று எழுதியிருந்தது. ஏதோ ஒரு மருந்துப்பொடியின் அளவு. என்ன பொடி என்று சொல்லவில்லை. பேசக் கூடாதவன் கேட்கவும் முடியாதே.

மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, சற்று நகர்ந்து, கண்ணாலேயே என்னைக் கூப்பிட்டாள். குனிந்தேன். கோடையில் வற்றிய கண்மாயின் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் பாருங்கள், அப்படி ஒரு பரப்பு. ஒவ்வொரு பாளமும் ஒரு செல். நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் இரண்டு மூன்று கரும்புள்ளிகள். எதுவும் அசையவில்லை. இந்த அசையாத பரப்பு, இரவு பகலாகச் சரக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது என்று நம்பக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

இந்தச் செல்களின் கதை அரை நூற்றாண்டு பழையது. கல்லீரல் புற்றுநோய் கண்ட மொசாம்பிக் நாட்டு ஆண் ஒருவரின் கட்டியிலிருந்து எடுத்து, ஜோகன்னஸ்பர்க்கில் வளர்த்து, 1976இல் வெளியுலகுக்கு அறிவித்தார்கள். குடுவை மேல் அவர் பெயர் கிடையாது. இருப்பது பி.எல்.சி./பி.ஆர்.எஃப்./5 என்ற குறி. முதல் மூன்றெழுத்து நோயைச் சொல்கிறது. அடுத்த மூன்று, செல்லை வளர்த்த போலியோ ஆராய்ச்சி நிறுவனத்தை. வாய்க்கு வராத பெயர் என்பதால் ஆய்வாளர் ஒருவரின் பெயரை வைத்து அலெக்சாண்டர் செல் என்றே அழைக்கிறார்கள். அந்த மனிதருடைய கல்லீரலில் ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மரபணுத் துண்டுகள் செல்லின் குரோமோசோமுக்குள்ளேயே போய் ஒட்டிக்கொண்டிருந்தன. முழு வைரஸைக் கட்ட அந்தத் துண்டுகளுக்கு வக்கில்லை. ஆனால் வைரஸின் மேல்சட்டையை மட்டும் தைக்கத் தெரியும். தைத்துத் தைத்து வெளியே தள்ளும். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தையல் இன்னும் நடக்கிறது, உலகத்தின் பல ஊர் இன்குபேட்டர்களில்.

மாணவி மீடியாவைச் சொட்டு மிச்சம் வைக்காமல் உறிஞ்சி, மூன்று குழாய்களில் விட்டுச் சுழற்றப் போட்டாள். பிறகு குடுவைகளைக் கழுவினாள். நான் குப்பைக்குப் போகும் என்று நினைத்தேன். மூடி, சுற்றி, மைனஸ் எண்பது டிகிரிப் பெட்டியில் வைத்தாள். ஏன் என்று அப்போது விளங்கவில்லை. அவளுக்கு வேண்டியது மீடியாதானே? செல் வெளியே அனுப்பியது எவ்வளவு என்று பார்ப்பதுதானே இன்றைய வேலை?

எலைசா தட்டில் 96 குழிகள். ஒவ்வொன்றின் அடியிலும் அந்தச் சட்டையைப் பிடிக்கும் எதிர்ப்புரதம் முன்பே பூசப்பட்டிருக்கும். நூறு நூறு மைக்ரோலிட்டராக இறக்கினாள். கட்டைவிரல் அழுத்தும் சத்தம் மட்டும், டக், டக் என்று. தட்டை 37 டிகிரியில் வைத்து டைமரைத் திருகினாள். ஒரு மணி நேரம். இனி அவளுக்கும் எனக்கும் ஒரே வேலைதான், காத்திருப்பது.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் மனதுக்குள் ஒரு பாளத்துக்குள் இறங்கிப் பார்த்தேன்.

சட்டைக்கான மரபணு ஒன்றுதான். ஆனால் படிக்கத் தொடங்கும் இடங்கள் மூன்று. தாம்பரத்தில் ஏறினாலும், கிண்டியில் ஏறினாலும், கோடம்பாக்கத்தில் ஏறினாலும் வண்டி நிற்பது கடற்கரை நிலையத்தில்தான் என்பதுபோல. முதலிலேயே ஏறினால் பெரிய புரதம், நடுவில் ஏறினால் நடுத்தரம், கடைசியில் ஏறினால் சிறியது. சிறியதில் 226 அமினோ அமிலங்கள். கடைசித் தூரம் மூன்றுக்கும் பொது. கூட்டம் மிகுதியாக ஏறுவது கோடம்பாக்கத்தில்; சிறிய புரதம்தான் வெள்ளமாகத் தயாராகிறது.

ரைபோசோமிலிருந்து புரத இழை வெளிவர வெளிவர, எண்டோபிளாச வலையின் சவ்வில் ஊசி நூல்போல மேலும் கீழுமாகக் கோக்கப்படுகிறது. நாலு கோப்பு. அதில் ஒரு வளையம் வலையின் உட்பக்கம் தொங்கும். வலையின் உட்பக்கம் என்பது நாளை செல்லுக்கு வெளிப்பக்கம் ஆகப்போகும் இடம். நம் ரத்தப் பரிசோதனையும், தடுப்பூசி கற்றுக்கொடுக்கும் எதிர்ப்புரதமும் பிடித்துக்கொள்வது இந்த வளையத்தைத்தான். அதே வளையத்தில் 146ஆம் இடத்தில் ஒரு சர்க்கரைக் கிளை ஒட்டுகிறது. எல்லாவற்றிலும் ஒட்டுவதில்லை, ஏறக்குறைய பாதிக்கு மட்டும். பாதியை ஏன் விட்டுவைக்கிறது என்பது எனக்குப் பிடித்த புதிர். தையல்காரர் இரண்டு சட்டைக்கு ஒன்றில் மட்டும் காஜா எடுப்பதுபோல.

அடுத்து கந்தகம். சிறிய புரதத்தில் 14 சிஸ்டீன்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கந்தக அணு. அவை தங்களுக்குள்ளும் பக்கத்துப் புரதத்தோடும் பாலம் போட்டுக்கொள்கின்றன. முதலில் இரண்டிரண்டாகச் சோடி, பிறகு கூட்டம். கூட்டம் பெருத்ததும் சவ்வின் கொழுப்பையும் கொஞ்சம் சுருட்டிக்கொண்டு வலையின் உள்வெளிக்குள் கழன்று விழுகிறது. விழும்போது நீள நீளமான இழைகள். அவை கட்டுக் கட்டாக மடிந்து, வலைக்கும் கோல்கைக்கும் இடைப்பட்ட அறைக்குப் போய், அங்கே பிரிந்து, 22 நானோமீட்டர் உருண்டைகளாகின்றன. ஓர் உருண்டையில் ஏறக்குறைய நூறு புரதங்கள். உள்ளே வைரஸின் டி.என்.ஏ. கிடையாது. போட்டுக்கொள்ள ஆளே இல்லாமல் சட்டை தன்னைத்தானே தைத்துக்கொள்கிறது.

பிறகு கோல்கை. அங்கே சர்க்கரைக் கிளைகளைச் செதுக்கி, நுனி வைத்து அனுப்புகிறார்கள். நடுத்தரப் புரதத்துக்குத் தனியாக இன்னொரு கிளையும் உண்டு. வலையிலேயே தொடங்கிவிடும் இந்தச் செதுக்கல் வெறும் அலங்காரமில்லை. கிளையின் நுனியைக் கத்தரிக்கும் நொதியைத் தடுத்தால் முழு வைரஸ் வெளியேறுவது முடங்கிப்போகிறது என்று 1994இல் ஒரு குழு காட்டியது. வெற்று உருண்டைகளுக்கு அந்தத் தடை அவ்வளவாக உறைக்கவில்லை. அந்தக் குழுவில் பாரூக் புளும்பெர்க்கும் இருந்தார். இந்தச் சட்டையை முதன்முதலில் பார்த்தவரே அவர்தான்.

1960களில் அவர் தேடிக்கொண்டிருந்தது வைரஸை அல்ல. மனிதருக்கு மனிதர் ரத்தப் புரதங்கள் எப்படி வேறுபடுகின்றன என்று ஊர் ஊராக ரத்தம் சேகரித்துக்கொண்டிருந்தார். பல தடவை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஓர் அமெரிக்க ஹீமோபிலியா நோயாளியின் சீரம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்தோடு வினைபுரிந்து ஜெல்லில் ஒரு கோடு போட்டது. 1965இல் எழுதினார்: ஆஸ்திரேலியா ஆன்டிஜென். அது கல்லீரல் அழற்சி வைரஸின் சட்டை என்று புரிய இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. சட்டைக்குள் ஆள் இருக்கும் முழு வைரஸை, 42 நானோமீட்டர் துகளை, லண்டனில் டேன் 1970இல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் காட்டினார். புளும்பெர்க் கண்டது வைரஸை அல்ல, அது வீசியெறிந்த வெற்றுச் சட்டைகளை. அதற்கு நோபல் பரிசு வந்தது, 1976இல். தகுதியான பரிசுதான், சந்தேகமில்லை. ஆனாலும் வாசலில் கிடக்கும் குப்பையைப் பார்த்து வீட்டைக் கண்டுபிடித்த கதை என்று சொன்னால் அவரே சிரித்திருப்பார் என்று தோன்றுகிறது.

குப்பை என்றால் கொஞ்சநஞ்சமல்ல. நோயாளியின் ரத்தத்தில் ஒரு முழு வைரஸுக்கு ஆயிரம் முதல் லட்சம்வரை வெற்றுச் சட்டைகள். எதிர்ப்புரதங்களைத் திசைதிருப்பும் ஏமாற்று வேலை என்று பல கட்டுரைகளில் வருகிறது. 'ஏமாற்று' என்ற சொல்லில் எனக்குத் தயக்கம் உண்டு. வைரஸுக்கு ஏது சூழ்ச்சி? ஆனால் விளைவு அதேதான். பிடிக்க வருகிற கை எல்லாம் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, ஆள் நழுவிவிடுகிறான். அதே குப்பையை அள்ளித்தான் முதல் தடுப்பூசியும் செய்தார்கள். நோய் தாங்கியவர்களின் பிளாஸ்மாவிலிருந்து வெற்றுச் சட்டைகளைப் பிரித்துச் சுத்தம் செய்த ஊசி 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1986இல் ஈஸ்ட் வந்தது. ஈஸ்ட்டுக்குச் சட்டை தைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள், வெளியே அனுப்பும் வழிதான் அதற்குப் படியவில்லை. உள்ளேயே குவித்து வைத்துக்கொள்ளும். செல்லை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

டைமர் அடித்தது. தட்டைக் கழுவினாள். குழிகளில் ஊற்றிக் கவிழ்த்து, டிஷ்யூ அடுக்கின்மேல் பட்டென்று தட்டினாள். ஐந்து தடவை. தோசைக்கல்லைத் துணியால் துடைப்பதுபோல ஒரு பழக்கம் அந்தக் கையில் இருந்தது. இரண்டாம் எதிர்ப்புரதம் ஊற்றி மறுபடி டைமர்.

கதவு லேசாகத் திறந்தது. ஆட்டோகிளேவ் செய்த டப்பாக்களோடு உதவியாளர். அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"பாப்பா, டீ வந்திருக்கு. ஆறிடப்போவுது."

"இதோ வர்றேண்ணே."

"இன்னைக்கு வருதா மஞ்சளு?"

"மஞ்சள் வரக்கூடாதுண்ணே. வராம இருந்தாத்தான் மருந்து கேக்குதுன்னு அர்த்தம்."

"கீழாநெல்லியா?"

அவள் சிரித்தாளே தவிர பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி வெறும் பேச்சல்ல, இந்த ஊரில் அதற்கு வரலாறு இருக்கிறது. சென்னையில் தியாகராஜன் குழு 1988இல் லான்செட் இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட வைரஸ் தாங்கிகளில் 59 சதவீதம் பேரின் ரத்தத்தில் சட்டை மறைந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான் மறைந்தது என்று. புளும்பெர்க்கும் அந்தச் செடியில் ஆர்வம் காட்டியவர். வேறு நாடுகளில் செய்துபார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. 1996இல் சென்னையிலிருந்து இன்னொரு கட்டுரை: அதே சாறு, இதே அலெக்சாண்டர் செல், வெளியே வரும் சட்டை குறைகிறதா என்ற இதே கேள்வி. குறைந்தது என்றுதான் எழுதியிருந்தார்கள். ஆக, இந்த முக்காலியிலிருந்து நான் பார்க்கும் காட்சி புதிதல்ல.

டீ குடிக்கப் போனவள் திரும்பிவர இருபது நிமிடம். இன்னொரு இன்குபேட்டரின் கண்ணாடி வழியே வேறு குடுவைகள் தெரிந்தன. கதவில் சிவப்பு அட்டை. அவை முழு வைரஸையே தயாரிக்கும் செல்கள். 1987இல் உருவான வகை. அவற்றிலிருந்து இன்னொரு சரக்கும் வரும், அலெக்சாண்டர் செல்லுக்குத் தெரியாத ஒன்று, இ ஆன்டிஜென்.

இ ஆன்டிஜென் கதையை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. வைரஸின் உட்கூட்டுக்கு ஒரு மரபணு. உரிய இடத்தில் படிக்கத் தொடங்கினால் 183 அமினோ அமிலங்களுள்ள கூட்டுப்புரதம் வரும். அது வீட்டைவிட்டு நகராது. சைட்டோபிளாசத்திலேயே 240 பேர் சேர்ந்து உருண்டையான சுவர் எழுப்பி, உள்ளே மரபணுவை வைத்துக்கொள்வார்கள். அதே மரபணுவை 29 அமினோ அமிலம் முன்னதாகவே படிக்கத் தொடங்கினால் வருவது அண்ணன். முன்னால் ஒட்டிய அந்தத் துண்டு ஒரு முகவரிச் சீட்டு. அதைக் காட்டி எண்டோபிளாச வலைக்குள் நுழைகிறான். நுழைந்ததும் சீட்டில் பத்தொன்பதைக் கிழித்துவிடுகிறார்கள், மிச்சம் பத்து தலையிலேயே ஒட்டியிருக்கிறது. கோல்கையின் கடைசி அடுக்கில் ஃப்யூரின் என்ற கத்தரி வாலை நறுக்குகிறது. சீட்டின் பெரும்பகுதியும் வாலும் போன பிறகு ரத்தத்தில் இறங்குகிறான்.

மிச்சமான அந்தப் பத்தில் ஒரு சிஸ்டீன் இருக்கிறது. அது சொந்த உடம்பிலேயே இன்னொரு சிஸ்டீனோடு கந்தகப் பாலம் போட்டு, ஆளை வளைத்துக் கட்டிவிடுகிறது. வளைந்தவனால் தம்பியைப்போலச் சுவருக்குள் கல்லாக நிற்க முடியாது. ரத்தவழி போன புதல்வன், ஊர் சுற்றுவதோடு சரி. அவன் சுற்றுவதால் வைரஸுக்கு என்ன லாபம்? உடம்பின் எதிர்ப்புச் சக்தியைச் சமாதானப்படுத்தி வைக்கிறான் என்பதே பெரும்பாலோர் கருத்து. தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் தொற்று வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடுவதில் அவனுக்கும் பங்கிருக்கலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஊசி போடச் சொல்வது, அப்படித் தங்கிவிடும் முன் முந்திக்கொள்ளத்தான்.

சில வைரஸ்களில் 1896ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறி, முகவரிச் சீட்டு முடியும் முன்பே முற்றுப்புள்ளி விழுந்துவிடும். அண்ணன் பிறப்பதே இல்லை. தம்பி வழக்கம்போலச் சுவர் கட்டுவான், வைரஸ் வழக்கம்போலப் புறப்படும். ரிப்போர்ட்டில் 'இ நெகடிவ்' என்று பார்த்துவிட்டு வைரஸே போய்விட்டது என்று இனிப்பு வாங்கிக்கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். வாசலில் ஒருவன் தென்படவில்லை என்றால் வீடு காலி என்றா அர்த்தம்?

மாணவி திரும்பி வந்து கழுவி முடித்துச் சாயம் ஊற்றினாள். தெளிந்த நீர். சில நொடிகளில் 'வெறும்' குழிகளில் நீலம் கசிந்து, அடர்ந்தது. '10' குழிகளில் ஆடிமாத வானம். '50' குழிகளில் சாயம் ஏறியதா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. அமிலத்துளி விட்டாள். நீலம் அத்தனையும் ஒரே கணத்தில் மஞ்சளாயிற்று. '50' ஏறக்குறைய தண்ணீராகவே நின்றது.

அவள் முகக்கவசத்துக்கு மேலே கண் சிறுத்தது. சிரிக்கிறாள்.

மேடம் வந்தபோது மணி இரண்டு. தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். எண்களைப் பார்க்கவில்லை.

"செல் உயிரோட இருந்துதா?"

"இருந்துது மேடம். எம்டிடி நேத்தே போட்டுட்டேன். ஐம்பதுலகூட சாகலை."

"உள்ளே பாத்தியா?"

பதில் இல்லை.

"வெளியே வரலைன்னா ஒண்ணு, செய்யலை. இல்லைன்னா, செஞ்சு உள்ளேயே வச்சிருக்கு. எதுன்னு தெரியாம நீ என்னத்த எழுதுவே? செல்லை என்ன பண்ணே?"

"மைனஸ் எண்பதுல வச்சிருக்கேன் மேடம்."

"நல்ல வேளை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கண்டிப்பா பாராட்டா என்று அந்தக் குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.

உள்ளே தேங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நோய்க்கூறு வல்லுநர்களிடம் பழைய சாட்சி ஒன்று உண்டு. நாள்பட்ட நோயாளிகளின் கல்லீரல் துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சில செல்கள் மட்டும் குளியலறை ஜன்னலுக்குப் போடும் மங்கல் கண்ணாடிபோலத் தெரியும். கிரேக்க மருத்துவர் ஹாஜியானிஸ் குழு 1973இல் விவரித்தது. மங்கலாக்குவது தேங்கிய சட்டைகள். பெரிய புரதம்தான் பெரும்பாலும் குற்றவாளி. தாம்பரத்தில் ஏறியவன் அளவுக்கு மீறிச் சேர்ந்தால், கோடம்பாக்கத்தில் ஏறியவனையும் சேர்த்து வலைக்குள்ளேயே பிடித்துவைத்துவிடுவான். கலிபோர்னியாவில் சிசாரி குழு எலிகளுக்கு அந்தப் பெரிய புரதத்தை மட்டும் மிகுதியாகத் தயாரிக்கும் மரபணுவைக் கொடுத்தது. வைரஸ் இல்லை, தொற்று இல்லை. வெளியேறாத சட்டைகள் மட்டும். கல்லீரல் செல்கள் வீங்கின, செத்தன, மறுபடி முளைத்தன, வயதானபோது புற்றுநோய் வந்தது.

ஒருவேளை '50' குடுவையில் உள்ளே தேங்காமல், தையலே நின்றிருக்கலாம். அதுவும் நடக்கக்கூடியதுதான். இன்று சந்தையில் இருக்கும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸ் தன் டி.என்.ஏ.வைப் படியெடுப்பதை அடக்குகின்றனவே ஒழிய, சட்டை தைப்பதைத் தொடுவதில்லை. வருடக்கணக்கில் மாத்திரை போட்டு, ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தவர்களுக்கும் சட்டைப் பரிசோதனை பாசிட்டிவாகவே இருப்பது அதனால்தான். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2022இல் இந்தத் தொற்றோடு வாழ்ந்தவர்கள் 25.4 கோடிப் பேர். தையலை நிறுத்தும் ஒரு பொடி கிடைத்தால் சும்மாவா?

மூன்று மணிக்குக் குடுவைகள் வெளியே வந்தன. பனி பிடித்திருந்தது. சோப்புபோன்ற ஒரு கரைசலை ஊற்றினாள். காலையில் நான் பார்த்த கண்மாய்த் தரை கலங்கி, கோழைபோல நூல்விட்டது. ரப்பர் பட்டையால் வழித்து, குழாயில் சேர்த்து, சுழற்றி, மேலே தெளிந்ததை எடுத்தாள். புதுத் தட்டு. டக், டக். இம்முறை வேகமில்லை. ஒரு குழியில் விட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து, தட்டைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டாள்.

இந்த ஒரு மணி நேரம் நான் எந்தச் செல்லுக்குள்ளும் இறங்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டைத் திறந்தாள், காலையில் எழுதியதைப் படித்தாள், மூடினாள். கைபேசியை எடுத்தாள், வைத்தாள். உதவியாளர் எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்தினார்.

கழுவல். மறுபடி காத்திருப்பு. மறுபடி கழுவல். சாயம் ஊற்றும்போது மணி ஆறு ஆகப்போகிறது.

'வெறும்' குழிகளில் நீலம் வந்தது, மிதமாக. '10' குழிகளில் அதைவிட அடர்த்தி. '50' குழிகளில் சாயம் இறங்கும்போதே நீலம் கொப்பளித்துக்கொண்டு எழுந்தது. மற்ற இரண்டும் நிதானித்த பிறகும் அது கறுத்துக்கொண்டே போனது. அமிலம் விட்டாள். தட்டின் அந்த மூலை மட்டும் மஞ்சள் கிழங்கை உரசிய அம்மிபோலாயிற்று.

அவள் அசையவில்லை. பிறகு காலைத் தட்டை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் ஒரே படத்தில் அடங்கும்படி கைபேசியில் பிடித்தாள். நோட்டில் காலையில் எழுதியிருந்த வரியின் எதிரே ஒரு கேள்விக்குறி போட்டு, கீழே '50 — உள்ளே' என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

"வேணும்னா இப்போ பேசலாம் சார்" என்றாள், கையுறையைக் கழற்றியபடி.

எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. முக்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். உதவியாளர் வராந்தாவில் டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மஞ்சளு வந்துச்சா சார்?"

"வந்துச்சுண்ணே."

"அடடா" என்றார்.